ஏழாம் நம்பருக்கு ஒரு படம்

படம் ஒரு முறை மினுங்கி நிலைத்தபோது, அவள் ஒட்டும்போது இல்லாத ஒன்று அதில் இருந்தது.

ஒரு கறுப்பு டேப். இரண்டு விரல் அகலம்தான். புதிதாக மஞ்சள் வண்ணம் அடித்த பாதுகாப்புக் கூண்டின் இடது தூணில், சென்சாரின் கண் இருக்க வேண்டிய இடத்தில், நாலைந்து சுற்றாகச் சுற்றி, முனை பிய்ந்து நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

காஞ்சனா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். தான் எடுத்த படத்தைக் கணினியில் தனியாகத் திறந்து பார்த்தாள். அதே கூண்டு, அதே மஞ்சள், அதே கோணம். டேப் இல்லை. சென்சாரின் கண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. திரும்ப அறிக்கைக்கு வந்தாள். டேப் இருந்தது.

ஒரகடம் சிப்காட்டில் கார்க் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் அந்தத் தொழிற்சாலையில் ஆறு வருடமாகப் பாதுகாப்பு அறிக்கைகளை எழுதுவது அவள் வேலை. பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஒரு வெள்ளைக் கட்டம். தட்டச்சு செய்யலாம், எழுத்தைத் தடிமனாக்கலாம், நடுவில் படம் ஒட்டலாம். ஒட்டியதும் படம் முதலில் வெளிறித் தெரியும். அதன் அடியில் ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக ஓடும். கோடு முடிந்ததும் படம் ஒரு தரம் மினுங்கி நிறம் கூடும். மினுங்கலுக்கு முன்னால் தெரிவது நம் கணினியில் இருக்கும் படம், பின்னால் தெரிவது சர்வருக்குப் போய்த் திரும்பி வந்த படம் என்று கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பரசுராமன் ஒருமுறை சொல்லியிருந்தான். இரண்டும் ஒன்றுதான் என்பதால் அவள் அதை மறந்தும் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை. நிர்வாகக் கட்டடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில், பகல் இரண்டு மணி என்பது கணினியின் மூலையில் இருந்த எண்களில் மட்டுமே இருந்தது. ஏசியை நிறுத்தியிருந்தார்கள். ஈரம் ஊறிய தரைவிரிப்பின் புளித்த வாடையும், கதவிடுக்கு வழியாக எங்கிருந்தோ வரும் ஹைட்ராலிக் எண்ணெயின் வாடையும், மூலையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்த சர்வர் இரைந்து இரைந்து சூடாக்கிய பிளாஸ்டிக்கின் வாடையும் ஒன்றாகக் கலந்து, நேற்றைய டிபன் பாக்ஸைத் திறந்ததுபோல் முகத்தருகே நின்றன. அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு சத்தம். சத்தம்கூட இல்லை, அதிர்வு. முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த பிரஸ் ஷெட்டில் நாலாம் நம்பர் பிரஸ் இறங்கும்போதெல்லாம் அது தரை வழியாக வந்து, மேசைக்காலில் ஏறி, அவளுடைய தண்ணீர் பாட்டிலுக்குள் ஒரு வட்டத்தை விரித்துவிட்டுப் போகும். பதினொரு நொடிக்கு ஒருமுறை. ஆறு வருடத்தில் அது அவள் காதுக்குப் பழகி, நின்றால் மட்டுமே தெரியும் என்கிற அளவுக்கு ஆகியிருந்தது.

பரசுராமனுக்குப் போன் செய்தாள். பின்னால் பஸ் ஹாரனும் டீக்கடைப் பாட்டும் கேட்டன.

"சுங்குவார்சத்திரத்துல கீறேன் மேடம். வண்டி பஞ்சர். ஞாயித்துக்கிழமைகூட வுட மாட்டீங்களா?"

"ஒரு நிமிஷம்தான் பரசு. நான் ஒரு படம் போட்டா வேற படம் வருது."

"பழைய படமா?"

அவள் திரையில் தொங்கிய டேப் முனையைப் பார்த்தாள். "ஆமா. பழசுதான்."

"அப்ப ஒண்ணும் இல்ல. பக்கத்த மூடிட்டுத் திரும்பத் தொறங்க."

"பழச நான் அப்பவே டெலீட் பண்ணிட்டேன்பா. ரெண்டு மாசம் ஆவுது."

"எங்கருந்து டெலீட் பண்ணீங்க? எழுத்துலருந்து தூக்கினீங்க. சர்வர்லருந்து யார் தூக்கினது? நீங்க ஒட்டினது, வேணாம்னு அழிச்சது, எல்லாம் உள்ளதான் கெடக்குது. கேக்க ஆள் இல்லாத படம். எங்க பாஷைல அதுக்குப் பேரே அனாதைப் படம்." சிரித்தான். "பயப்படாதீங்க மேடம். அந்தப் பொட்டிக்குன்னு சொந்த மூளை எல்லாம் கெடையாது. குடுத்தத திருப்பிக் குடுக்கும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும்."

அந்த டேப்பைப் படம் எடுத்தவள் அவள்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள் டீ நேரத்தில் மாரிசெல்வி இதே மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது. மண்ணூரில் லேடீஸ் ஹாஸ்டலில் எட்டுப் பேரோடு தங்கி, ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். "யக்கா, ஏழாம் நம்பர்ல கண்ணு மூடிக் கெடக்குக்கா. கைய உள்ள விட்டாலும் நிக்க மாட்டேங்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்." கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சாரை ஷெட்டுப் பெண்கள் கண் என்றுதான் சொல்வார்கள். காஞ்சனா போய்ப் பார்த்தாள். வயரைக் கழற்றி நேராகச் சேர்த்துவிட்டு, கண்ணின் மேல் டேப் சுற்றியிருந்தார்கள். எண்ணிக்கை வேகமாக ஏற வேண்டுமென்றால் செய்வதுதான். படம் எடுத்து வந்து அறிக்கையில் ஒட்டினாள்.

எழுதிய குறையை, சரிசெய்த பிறகு எடுத்த படத்தை ஒட்டித்தான் 'க்ளோஸ்' செய்ய முடியும். மாதக் கடைசியில் மூடாத குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. புதுச் சென்சார் வரவில்லை, மாதக் கடைசி வந்துவிட்டது. "நாலும் ஏழும் ஒரே மாடல்தானேம்மா," என்றார் மேலாளர் புருஷோத்தமன். "நாலுல எடு. கிட்டக்க எடு, நம்பர் தெரியாம." எல்லோரும் செய்வதுதான். அவளே அதற்கு முன் இருபது தடவையாவது செய்திருப்பாள், தீயணைப்பு சிலிண்டருக்கு, கைப்பிடிக் கம்பிக்கு, உடைந்த தரைக்கு. டேப் படத்தை அறிக்கையிலிருந்தும் தன் போனிலிருந்தும் அழித்தாள். நாலாம் நம்பரின் நல்ல கண்ணை ஒட்டினாள். க்ளோஸ் செய்தாள்.

ஒன்பதாம் நாள், சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்க மாரிசெல்வி உள்ளே தலையை நீட்டினாள்.

விசாரணை அறிக்கையையும் காஞ்சனாதான் எழுதினாள். 'தொழிலாளி தன்னிச்சையாகச் சென்சாரை மறைத்துள்ளார்.' அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்யக் கால் நிமிடம்கூட ஆகவில்லை. மேலாளர் கேட்டார் என்று அதைத் தடிமனாகவும் ஆக்கினாள்.

இன்று ஏழை மறுபடி ஓட்டியாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் வாடிக்கையாளர் கம்பெனியின் ஆட்கள் வருகிறார்கள். நாலு, ஏழு இரண்டின் கூண்டுக்கும் வண்ணம் அடித்தாயிற்று. சென்சார் இன்னும் வரவில்லை. படம் மட்டும் வந்தால் போதும்; அதைக் காலையிலேயே நாலில் எடுத்து வைத்திருந்தாள்.

பக்கத்தை மூடித் திறந்தாள். டேப் படம் அங்கேயே இருந்தது. அழிக்கப் போனவள், விரலை நிறுத்தினாள். ஆகஸ்டில் அவள் எடுத்த படத்தில் கூண்டு பழைய கூண்டு, வண்ணம் உரிந்து துருப்பிடித்தது. இந்தப் படத்தில் டேப், போன வாரம் அடித்த புது மஞ்சளின் மேல் இருந்தது.

அதை மேற்கொண்டு யோசிக்கவில்லை. அழித்தாள். மறுபடி ஒட்டினாள். வெளிறிய படம், நீலக்கோடு, மினுங்கல். இந்த முறை கண் சிவப்பாக எரிந்தது. மறுபடி மாறுவதற்குள் என்பதுபோல் அவசரமாகச் சமர்ப்பித்தாள். 'ஏழாம் நம்பர் பிரஸ் இயக்கத்துக்கு விடுவிக்கப்பட்டது' என்று பச்சையில் ஒரு வரி வந்தது. ஷெட்டில் சூப்பர்வைசரின் திரையிலும் இதே வரி வந்திருக்கும்.

சற்று நேரத்தில் பாட்டில் தண்ணீரில் இரண்டாவதாக ஒரு வட்டம் விரிந்தது. நாலு இறங்கி, ஐந்தாறு நொடி கழித்து இன்னொன்று. நாலின் சத்தத்தைவிடக் கனமாக, உள்ளே எதையோ வைத்து மூடியதுபோல. ஏழு ஓட ஆரம்பித்துவிட்டது.

முடிந்தது என்று நினைத்தாள். ஐந்து மணிக்குத் தம்பி கோபிநாத்தோடு வண்டியில் ஏறினால் ஆறுக்குள் மண்ணூர். அம்மா நண்டு வாங்கி வைத்திருந்தாள். கோபிக்கு இருபத்து மூன்று வயது. இவள் சொல்லித்தான் ஜூனில் இங்கே சேர்ந்தான், பிரஸ் ஷெட்டிலேயே பேக்கிங்கில். மதியம் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்த முட்டையையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அவசரமாக எழுந்தான்.

"ஒக்காருடா. மணி ஒண்ணு இருபதுதான் ஆவுது."

"எங்க ஷெட்டுல ஒன்னரைக்கா. சுப்பராயலு சார் போர்டு மணிய பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சிகீறாரு. டீக்கு வுட்டா நாங்க சீக்கிரம் திரும்ப மாட்டோமாம். உள்ள வர்றதுக்கு போர்டு மணி, வெளிய போறதுக்கு அவரு வாட்ச் மணி. எப்டி கீது கணக்கு?"

"நீ ஒழுங்கா வேலையப் பாரு."

"பாக்காமலா? சேஃப்டி மேடத்தோட தம்பியாச்சே." இடது கையைத் தூக்கிக் காட்டினான். போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவள் வாங்கிக் கட்டிய சிவப்புக் கயிறு, மணிக்கட்டில் இன்னும் சாயம் போகாமல் இருந்தது.

இரண்டே முக்காலுக்கு புருஷோத்தமன் போன் செய்தார்.

"சூப்பர் காஞ்சனா. ஏழு ஓடுது. ஒரு சின்ன வேலை பாக்கி. கஸ்டமர் தரப்புல பாத்துட்டு, ரொம்பக் கிட்டக்க கீது, தூரத்துலருந்து ஒண்ணு வேணும்னு கேக்கறான். நாலுலதான் தூரத்துப் படம் வெச்சிருப்ப இல்ல? நம்பர மட்டும் வெட்டிட்டுப் போட்டுடு."

"சரி சார்."

"அப்புறம், உன் தம்பிக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும். ஏழு கிட்ட போக மாட்டோம்னு ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் ஒரே அடம். பேய் கீதாம், பிசாசு கீதாம். அதான் சுப்பராயலு கிட்ட சொல்லி கோபிய நிறுத்தினேன். சேஃப்டி மேடத்தோட தம்பியே நிக்கறான்னா மத்ததுங்களுக்கும் தைரியம் வரும் இல்ல?"

ஏழில் சென்சார் இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்த இருவருக்கு நடுவில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வழி இருக்கவில்லை.

"அவன் பேக்கிங் சார். பிரஸ் பழக்கம் இல்ல."

"பட்டன அமுக்கறதுக்கு இன்னா பழக்கம்? படத்தப் போடும்மா."

போன் அணைந்தது. நாலு இறங்கியது. ஏழு இறங்கியது.

தூரத்துப் படத்தை எடுத்தாள். நாலாம் நம்பர் பிரஸ் முழுதாக, ஆள் இல்லாமல், பின்னால் ஷெட்டின் சுவர். மேலே நம்பர் இருந்த பட்டையை வெட்டினாள். ஒட்டினாள். நீலக்கோடு இந்த முறை மெதுவாக நகர்ந்தது. மூலையில் சர்வரின் இரைச்சல் ஒரு படி ஏறியது. மினுங்கல்.

வெட்டிய பட்டை திரும்ப வந்திருந்தது. அதில் 7.

பிரஸ்ஸின் முன்னால், கேமராவுக்கு முதுகைக் காட்டி, ஒரு பெண் நின்றாள். நீலச் சட்டை. தொப்பிக்குள் சுருட்டி அடக்கியும் அடங்காத பின்னலின் நுனி கழுத்தருகே வெளியே வந்திருந்தது. அதில் ஒரு பச்சை கிளிப். சூடான பிளாஸ்டிக்கின் வாடையையும் மீறி அந்த அறையில் தேங்காயெண்ணெய் வாடை அடித்தது, பக்கத்தில் யாரோ குனிந்து திரையைப் பார்ப்பதுபோல. காஞ்சனா திரும்பவில்லை. அந்தப் பச்சை கிளிப்பை அவளுக்குத் தெரியும். செப்டம்பரில் பிரஸ்ஸின் அடியிலிருந்து எடுத்த பொருட்களின் பட்டியலில் மூன்றாவதாக அதை எழுதியவள் அவள்தான்.

இப்படி ஒரு படத்தை யாரும் எடுத்ததில்லை.

அழித்தாள். ஒட்டினாள். கோடு. மினுங்கல். பெண் கொஞ்சம் திரும்பியிருந்தாள். தோளும் காதும் தெரிந்தன.

அழித்தாள். நல்ல படத்தைத்தான் ஒட்டுகிறோம் என்று, வெளிறித் தெரியும்போதே விரலால் திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆள் இல்லாத பிரஸ். ஆள் இல்லை. ஆள் இல்லை. கோடு வலது ஓரத்தைத் தொட்டது.

பெண் ஒதுங்கி நின்றிருந்தாள். பஸ்ஸில் இடம் விடுபவளைப் போல, ஒரு அடி பின்னால். அவள் விட்ட இடத்தில் ஒரு பையன் நின்றான். நீலச் சட்டை, நீலக் கையுறை, கையுறைக்கு மேலே சிவப்புக் கயிறு. உள்ளே எதற்கோ குனிந்திருந்தான். அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு பெண் கேமராவைப் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்ல முடியாது. பார்ப்பதற்கான இடம் தகடு மாதிரித் தட்டையாக இருந்தது.

சுவரில் ஷெட்டின் போர்டு. சிவப்பு எண்கள். இலக்கு 400. ஆனது 396. இன்றைய தேதி. நேரம் 15:40.

கணினியின் மூலையைப் பார்த்தாள். 3:04.

இன்னும் முப்பத்தாறு நிமிடம்.

தொழிலாளிகளின் போன்கள் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டுவிடும். சூப்பர்வைசர் சுப்பராயலுவின் நம்பரைத் தட்டினாள். மூன்றாவது முறைதான் எடுத்தார். அவர் குரலுக்குப் பின்னால் இரண்டு பிரஸ்ஸும் இறங்கிக்கொண்டிருந்தன. போனில் கேட்டது ஒரு கணம் முந்தி, தரையில் வந்தது ஒரு கணம் பிந்தி.

"ஏழுல யார் சார் நிக்கறது?"

"உங்க தம்பிதான். சோக்கா ஓட்றான். ஏன் மேடம், போட்டோ புடிக்க வர்றீங்களா? தல வாரிக்கினு நிக்கச் சொல்லவா?"

"அவனக் கொஞ்சம் ஆபீஸுக்கு அனுப்புங்களேன்."

"எண்ணிக்கை ஓடும்போதா? நாலு மணி டீக்கு அனுப்பறேன்."

"அப்ப ஏழ நிறுத்துங்க சார். எண்ணெய் லீக்குன்னு தகவல் வந்துச்சு."

"என் ஷெட்டுல எனக்குத் தெரியாத லீக்கா?" சிரித்தார். "நீங்க ஹோல்டு போட்டு அனுப்புங்க, அடுத்த நொடி நிறுத்தறேன். வாயால சொன்னத நம்பி நிறுத்தினேன்னு வெச்சிக்கோங்க, புருஷோத்தமன் சார் என் தோல உரிச்சி ஏழுலயே வெச்சி அமுக்கிடுவாரு. ரிலீஸு எழுத்துல வந்துச்சு இல்ல? ஹோல்டும் எழுத்துல வரட்டும். படத்தோட. உங்க ரூலு மேடம் அது."

அவள் எழுதிய விதிதான். பழுதின் படம் இல்லாமல் எந்த இயந்திரத்தையும் நிறுத்தக் கூடாது. போன வருடத் தணிக்கையில் அதற்காகக் கைதட்டினார்கள்.

ஓடலாம். மழையில் முந்நூறு மீட்டர். ஷெட்டு வாசலில் ஹெல்மெட், ஷூ, கையெழுத்து. ஆறு நிமிடம், ஏழு நிமிடம். ஆனால் ஓடிப்போய் நாற்பது பேர் நடுவில் நின்று கத்தினால், ஏன் என்று கேட்பார்கள். ஏழில் கண் இல்லை என்று சொல்ல வேண்டும். அப்படியானால் அந்தப் படம் எது என்பார்கள். அப்படியானால் ஆகஸ்டில் போட்ட படம் எது என்பார்கள்.

நேரம் இருக்கிறது. முதலில் எழுத்து. எழுத்தில் நின்றுவிட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

ஹோல்டு பக்கத்தைத் திறந்தாள். 'ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் எண்ணெய்க் கசிவு.' மார்ச் மாதத்தில் இரண்டாம் நம்பரில் எடுத்த கசிவுப் படம் ஒன்று கணினியில் இருந்தது. கிட்டத்தில் எடுத்தது. நம்பர் தெரியாது.

ஒட்டினாள்.

நீலக்கோடு பாதி வரை வந்து நின்றது.

3:11. கோடு அசையவில்லை. சர்வரின் விசிறிகள் இரைந்தன. கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. நாலு. ஏழு. தேங்காயெண்ணெய் வாடை இப்போது பின்கழுத்தில் இருந்தது. ஏதோ ஈரமான ஒன்று நாற்காலியின் முதுகில் சாய்ந்ததுபோல் நாற்காலி மெல்ல முனகியது. அவள் முன்னால் நகர்ந்து மேசை விளிம்பில் வயிறு அழுந்த உட்கார்ந்தாள். 3:16. கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது. 3:19. மினுங்கல்.

கூண்டு. புது மஞ்சள். சிவப்பாக எரியும் கண். குறை என்று எதுவும் இல்லாத, காலையில் அவள் எடுத்த, நாலாம் நம்பரின் படம்.

இல்லை. இது இல்லை. கசிவு.

அழித்தாள். ஒட்டினாள். கோடு. நல்ல கண்.

அழித்தாள். தொடர்பே இல்லாத ஒரு படத்தை ஒட்டினாள், உடைந்த படிக்கட்டு. நல்ல கண்.

டேப் படம் வேண்டும். முதலில் வந்ததே, அது. அது இருந்தால் போதும், அடுத்த நொடி நிறுத்துவார். போனில் தேடினாள். ஆகஸ்டிலேயே அழித்திருந்தாள். மதியம் அறிக்கையில் வந்ததை அழித்தாள். பெண் நின்ற படத்தை இரண்டு தடவை அழித்தாள். மூன்று தடவை ஏழின் படம் தானாகவே கையில் வந்து நின்றது. மூன்று தடவையும் அழித்தாள்.

ஒட்டினாள். நல்ல கண். ஒட்டினாள். நல்ல கண். பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை, வரிசையாக, சிவப்பாக, மூடாமல்.

குடுத்தத திருப்பிக் குடுக்கும்.

3:26. படம் இல்லாமல் அனுப்பிப் பார்த்தாள். 'படம் கட்டாயம்' என்று சிவப்பில் வந்தது. அவள் போடச் சொன்ன வரி. வேறு வழியில்லாமல் நல்ல கண்ணையே வைத்து அனுப்பினாள். எழுத்தைப் படிக்கட்டும். ஹோல்டு என்ற எழுத்தையாவது.

3:28. போன் அடித்தது.

"இன்னா மேடம், வெளயாட்டா?" சுப்பராயலு. பின்னால் ஷெட் முழுக்க இரைந்தது. "ஹோல்டுன்னு போட்டுட்டு நல்ல படத்த ஒட்டிகீறீங்க? எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு பளபளன்னு கீது. இத வெச்சி நான் எப்டி நிறுத்தறது?"

"சார்."

"சொல்லுங்க."

நாலு இறங்கியது. பாட்டிலில் வட்டம்.

"அந்தப் படம் ஏழு இல்ல சார்."

"இன்னா?"

ஏழு இறங்கியது.

"ஏழு இல்ல. நாலு."

"கேக்கல மேடம். சத்தம். கத்திச் சொல்லுங்க."

அவள் எழுந்து நின்றாள். நேரம் இருக்கிறது. இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. நாற்பது பேர் கேட்டாலும் கேட்கட்டும். மூச்சை இழுத்தாள்.

நாலு இறங்கியது.

"அது நாலாம் நம்பரோட படம்! ஏழுல கண்ணே இல்ல சார்! ஆகஸ்ட்லயும் இல்ல! நான்தான் மாத்திப் போட்டேன்!"

சொல்லி முடித்தபோதுதான் தெரிந்தது, கத்தியிருக்க வேண்டியதில்லை என்று. அவள் குரல் போனுக்குள் போய், ஷெட்டுக்குள் போய், தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி விழுந்தது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

ஏழு இறங்கி மேலே ஏறவில்லை.

எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டு. பதினைந்து. நாலும் நின்றுவிட்டது. பாட்டிலில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. போனில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு, வெகு தூரத்தில், ஒரு பெண் கத்த ஆரம்பித்தாள். பிறகு நிறையப் பேர். போன் தரையில் விழுந்த சத்தம். கட்.

கணினியின் மூலையில் 3:30.

படத்தில் 15:40.

போர்டு மணிய பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சிகீறாரு.

கதவு நாலு அடியில் இருந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் தேங்காயெண்ணெய் வாடை இருந்தது.

திரையில், யாரும் தொடாமலே, எழுத்துகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி விரிந்தது. வெளிறிய ஒரு கட்டம். அடியில் நீலக்கோடு. இந்த முறை தடுமாறவில்லை. ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது.

கூண்டு. புது மஞ்சள். தூணில் கண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கீழே, துடைத்துப் பளபளக்கும் பிரஸ்ஸின் தட்டில், இரண்டு நீலக் கையுறைகள். பக்கத்தில் பக்கத்தில், உள்ளங்கை மேலாக, யாரோ பொறுமையாக அடுக்கி வைத்ததுபோல. அவை காலியாக இல்லை. இடது கையில் சிவப்புக் கயிறு. சாயம் போகாமல். தட்டின் ஓரத்தில் ஒரு பச்சை கிளிப்.

கையில் போன் அதிர்ந்தது. புருஷோத்தமனிடமிருந்து செய்தி.

'புதுப் படம் வந்திச்சி. ரொம்பத் தெளிவா கீது. க்ளோஸ் பண்ணிட்டுக் கெளம்பு. தம்பியக் கேட்டதா சொல்லு.'

அவள் படத்தின் மேல் கர்சரை வைத்தாள். அழித்தாள்.

வெள்ளைக் கட்டம் ஒரு கணம் காலியாக இருந்தது. பிறகு அதன் இடது ஓரத்தில், ஊசிமுனை அளவுக்கு நீலமாக ஒன்று தோன்றி, வலது பக்கமாக நகரத் தொடங்கியது.